நார் அடைத்த பீப்பாய்

போன மாதம் என் மகள் தேங்காய் நார் வாங்கிக்கொண்டு வந்தாள். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏதோ இயற்கை அங்காடியாம். அட்டைப் பெட்டி, அதன் மேல் பச்சை இலைப் படம், உள்ளே வட்டமாக வெட்டி ஓரம் தைத்த நார். தேங்காய் உரித்தால் குப்பைக்குப் போகிற சங்கதிக்குப் பெட்டி போட்டு விற்கிறார்கள், அதை வாங்க இவளைப் போல ஆட்களும் இருக்கிறார்கள். "அந்த பிளாஸ்டிக் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இதுல தேயும்மா, கெமிக்கலே கிடையாது" என்றாள். வாழ்நாள் முழுக்க கெமிக்கலில் சோறு தின்றவளிடம் வந்து சொல்கிறாள். "எனக்கு நார் அலர்ஜி" என்று சொல்லி அதை ஜன்னல் திட்டில் வைத்தேன். "எப்பலேருந்து?" என்று கேட்டாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். நார் அங்கேயே கிடந்தது. பாத்திரம் தேய்க்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது, பட்டபோதெல்லாம் என் பழைய முதலாளி ஞாபகம் வந்தது. முதலாளி ஞாபகம் வந்தால் எனக்குக் கோபம் வரும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூரில், விம்கோ நகருக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய பிளேட்டிங் பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பார், குளியலறைக் குழாய், கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் நிக்கல் முலாமும் அதன் மேல் குரோம் முலாமும் போட்டுக் கொடுப்பார்கள். மங்கலாக உள்ளே போனது முகம் பார்க்கிற பளபளப்போடு வெளியே வரும். ஒன்பது பேர் வேலை செய்தார்கள், நான் பத்தாவது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் கால்வாயில் விடக் கூடாது, அதற்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் என்னை வேலைக்கு வைத்தார். வேதியியலில் எம்.எஸ்ஸி முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு அதுவே பெரிய விஷயம். முதல் நாள் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அடுத்த நிமிஷமே மறந்துவிட்டு, "வாங்க எம்மெஸ்ஸி, தொட்டியப் பாக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அங்கே என் பெயர் எம்மெஸ்ஸி. தண்ணீர் லாரிக்காரன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பழைய இரும்பு வியாபாரத்துக்கு வந்து, அதிலிருந்து பட்டறைக்கு மாறியவர். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போகிற சட்டையைத் தவிர மற்ற எல்லாச் சட்டையிலும் ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்திருக்கும். ஒரு ஆணியைக்கூட எறிய மாட்டார். எந்த யோசனையைச் சொன்னாலும் முதலில் "அது எதுக்கு?" என்பார், பிறகு அதைவிட மோசமான யோசனை ஒன்றைச் சொல்வார். நான் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று, சரக்கு ரயில் முழுசாகப் போகிற வரை பெட்டிகளை எண்ணிவிட்டு, வெயிலில் பஸ் பிடித்து வந்து சேர்வேன். வந்ததும் அவர் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அந்த வாசலில் நான் விட்ட பெருமூச்சை எல்லாம் சேர்த்திருந்தால் ஒரு கொல்லன் உலையையே ஊதியிருக்கலாம்.

பிரச்சினை அலசு தண்ணீர். முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய சாமானைத் தண்ணீரில் அலசுவார்கள். அப்போது ஒட்டியிருக்கிற குரோமும் நிக்கலும் தண்ணீரோடு போகும். நிக்கல் தண்ணீர் வெளிர் பச்சை, குரோம் தண்ணீர் மஞ்சள். நான் வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் அந்த மஞ்சள் தண்ணீர் சந்தின் ஓரக் கால்வாயில் போனது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. புத்தகத்தில் இருக்கிற முறைப்படி செய்யலாம் என்றேன். ஒரு மருந்து போட்டால் மஞ்சள் குரோம் விஷம் குறைந்த பச்சைக் குரோமாக மாறும், பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் படியும், தெளிந்த தண்ணீரை விடலாம். "சேறு?" என்று கேட்டார். அதை மூட்டை கட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றேன். "எங்க வைக்க, உங்க வீட்லயா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பாதிச் செய்தி வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் வேர்க்கடலை மடித்துவந்த தாளை அவர் படித்திருக்கிறார். எந்தப் பத்திரிகை, எந்த ஊர்க் கல்லூரி, எதுவும் தெரியாது. எண்ணெய்க் கறை பட்ட அந்தத் தாளில் இருந்தது மேல் பாதி மட்டும். தேங்காய் நார், புளியங்காய் ஓடு, வாழைத் தோல் போன்ற தாவரக் கழிவுகளுக்குக் கழிவு நீரில் உள்ள கன உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் தன்மை உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், இதன்படி முதலில், என்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"பாத்தீயளா எம்மெஸ்ஸி? தேங்கா நாரு பிடிச்சிக்கிடுமாம்."

"மீதி எங்க சார்?"

"கடலக்காரன் கிழிச்சிட்டான். மீதிய நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தான எம்மெஸ்ஸி படிச்சிருக்கிய?"

அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில், சின்ன வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மருந்து, சுண்ணாம்பு என்று நான் வாயைத் திறந்தால் பையைத் தட்டிக் காட்டுவார்.

முதலில், தாளில் இல்லாவிட்டாலும் சும்மா கிடைக்கும் என்று, டீத்தூள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பி இருக்கிற டீக்கடைகளில் எல்லாம் சொல்லி வைத்து, வடித்த தூளை வாளி வாளியாக வரவழைத்தார். பாலும் சர்க்கரையும் கலந்த தூள். இரண்டு நாளில் பட்டறை முழுக்க எறும்பு. முலாம் தொட்டிக்குள் எறும்பு மிதந்தது, ஹேண்டில்பாரில் எறும்பு ஒட்டி, அதன் மேலேயே நிக்கல் ஏறி, ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. அடுத்து வாழைத் தோல். அது பீப்பாய்க்குள் புளித்து நுரைத்து மூடியைத் தூக்கியது. சந்தில் யாரோ சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று பேச்சு வந்து, ஒரு போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அடுத்து புளியங்காய் ஓடு. அது ஓரளவுக்கு வேலை செய்தது. ஆனால் அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சாமான்களுக்கு மெருகு போடுகிற பஃபிங் அண்ணன் ஒருவர் இருந்தார், பட்டறையிலேயே பழைய ஆள். அவர் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், அடுத்தது இன்னா, வடகறியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த படிப்புக்கு நான் குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் அழுதேன்.

தேங்காய் நார்தான் கடைசியில் என் மூக்கை உடைத்தது. இருநூறு லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அடியில் ஒரு குழாய், உள்ளே கழுவி அடைத்த நார். மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் கீழே டீ வடித்த மாதிரி பழுப்பாக வந்தது. அது நாரின் சொந்தச் சாயம். "மஞ்ச போயிட்டுல்லா" என்று அவர் பூரித்தார். மஞ்சள் போய்ப் பழுப்பு வந்தால் வாரியத்து அதிகாரி விடுவாரா என்று நான் கத்தினேன். சாயம் போகிறவரை நாரை வெந்நீரில் அலசச் சொன்னேன், பிறகு கொஞ்சம் ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னேன். தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக இருந்தால் நார் குரோமை நன்றாகப் பிடிக்கிறது, பச்சை நிக்கல் தண்ணீருக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. என்னிடம் ஒரு சோதனைக் கரைசல் இருந்தது. மஞ்சள் குரோம் துளி இருந்தாலும் அது ஊதா நிறம் காட்டும். ஒரு திங்கட்கிழமை பீப்பாயின் அடியிலிருந்து பிடித்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். ஊதா வரவில்லை. சோதனைக் குழாயை ஆட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வரவில்லை. பின்னால் நின்றிருந்த அவர் சட்டைப் பையைத் தட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் நார் என்ன செய்கிறது என்பதை யோசித்தால் விஷயம் தெரியும். அது உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீரில் இருந்த விஷம் இப்போது நாரில் இருக்கிறது. சில வாரத்தில் நாருக்கு இனிமேல் பிடிக்க இடம் இருக்காது, எடுத்துவிட்டுப் புதிது அடைக்க வேண்டும். எடுத்ததை என்ன செய்வது? கடலைக்காரன் கிழித்த பாதியில் ஒருவேளை அது இருந்திருக்கலாம். "எம்மெஸ்ஸி, இத எங்க வைக்க?" என்று அவர் கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்கிற நக்கல் இல்லை அதில். "ஆய்வு முடியட்டும் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். தீபாவளிக்கு முன்னால் அதிகாரி வந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பதாக இருந்தது. தண்ணீர் சரியாக இருந்தால் பட்டறை ஓடும், இல்லாவிட்டால் சீல். என் கண்ணுக்கு அந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் தெரிந்தது. பழைய நாரைக் கோணியில் அடைத்து, பின்கட்டு ஷெட்டில் அடுக்கி, ஒவ்வொரு கோணியின் மேலும் பெரிய எழுத்தில் அபாயம், குரோம் என்று எழுதி வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன். அங்கே என்னைத் தவிர யாருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கல்லூரி ஆய்வகத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், அதனால் எழுதினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை முதலாளி அவருடைய வாழ்நாளில் செய்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி கிறிஸ்தவரானாலும் பூஜையில் தலையிட மாட்டார். பொரி, கடலை, வெல்லம், பூசணிக்காய் எல்லாம் அவரே வாங்கி வந்து கொடுத்துவிட்டு, கும்பிடுகிற நேரத்துக்கு வெளியே போய் நின்றுகொள்வார். அந்தப் பகுதியில் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் ஒரு நாள்தான் பட்டறை உண்மையிலேயே சுத்தமாகும். மோட்டாரைத் துடைத்து, தொட்டியின் விளிம்பைத் தேய்த்து, மூலை முடுக்கை எல்லாம் கழுவிவிட்டுப் பொட்டு வைப்பார்கள். பீப்பாயும் அந்த வருஷம் ஒரு மெஷினாகிவிட்டதால் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நான் நான்கு நாள் லீவு போட்டிருந்தேன், என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்தவர்கள் எங்கள் வீட்டுச் சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. திரும்பி வந்தபோது ஷெட் பளிச்சென்று இருந்தது. தரையைத் துடைக்கக் கோணி வேண்டும் என்று, அடுக்கியிருந்த கோணிகளைக் கொட்டிக் காலி செய்திருக்கிறார்கள். அதிலிருந்த நாரைக் கேட்டேன். "பழசு எல்லாத்தையும் கடாசியாச்சு மேடம், ஷெட்டு சும்மா கண்ணாடி மாதிரி கீது பாரு" என்றார்கள் பெருமையாக. குப்பை லாரியில் போயிருக்கும் என்று நினைத்து, நானும் தலைவலி விட்டது என்று பேசாமல் இருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தெருவின் கைப்பம்பில் பஃபிங் அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். அந்த அக்கா எனக்குப் பழக்கம், அண்ணனுக்குச் சோறு கொண்டுவரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து ஒரு அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கையில் நார். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். தேங்காய் நார் அந்த நிறத்தில் இருக்காது. அந்த நிறத்தை உண்டாக்கியவள் நான், எனக்குத் தெரியாதா.

"இது ஏதுக்கா?"

"உங்க கம்பெனி நாருதான் மேடம். நல்ல நார போய் குப்பைல போடுவாங்களான்னு எங்க வூட்டுக்காரரு எட்த்துகினு வந்தாரு. சோக்கா தேய்க்குது. ஒரு இஸு இஸுத்தா கரி அத்தினியும் வந்துருது. தெரு பூரா குட்த்தேன், எல்லாரும் இன்னம் கேட்டுகினு கீறாங்க."

சட்டி வெள்ளி மாதிரி மின்னியது. மின்னாமல் என்ன செய்யும், ஆசிட்டில் ஊறிய நார். அக்காவின் விரல் இடுக்குகள் சிவந்து, தோல் வெடித்திருந்தது. கேட்டேன். சோப்புத் தூள் மாற்றினேன், அதனால் இருக்கும் என்றது. பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொஞ்சம் நாரைப் பிய்த்து வாங்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு சொட்டு விட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் ஊதா பொங்கி வந்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் சோதனைக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் மிக வேகமாக யோசித்த சமயம் அதுதான் என்று நினைக்கிறேன், யோசித்த லட்சணத்தைக் கேளுங்கள். "பூஞ்சை பிடிச்ச நாருன்னு சொல்லிடலாம் சார். பழசக் குடுத்தா புதுசு தர்றோம்னு சொல்லி வாங்கிட்டு வந்துடலாம். வேற ஒண்ணும் பேச வேண்டாம். ஆய்வு இன்னும் ஒரு வாரம்தான்." அவர் ஒரு மூட்டை புது நாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நான் காலிக் கோணியோடு பின்னால் போனேன்.

பூஞ்சைக்கு யாரும் மசியவில்லை. முதல் வீட்டுப் பெண், "நல்லாத்தான் காய்ஞ்சு கீது, எனுக்கு இதே போதும் சார்" என்றது. இரண்டாவது வீட்டில் தீர்ந்துவிட்டது என்றார்கள், தீரவில்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. அவ்வளவு நன்றாகக் கரியை எடுக்கிற நாரை யார் விடுவார்கள்? மூன்றாவது வீட்டில் இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். மரியாதைக்கு மறுக்க முடியாமல் உள்ளே போய் நாரைக் கொண்டுவந்தது. கொண்டுவரும்போதே அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைக் கதவுக்குப் பின்னால் செருகிவிட்டு, மறு பாதியைக் கோணியில் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். முதலாளி தோளிலிருந்த மூட்டையை இறக்கித் தரையில் வைத்தார். "சார், வாங்க, அடுத்த வீடு" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"எம்மா, அந்த மீதியையும் குடுத்துரு" என்றார். "பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். அது வெசம்மா. எம் பட்டறை வெசம் அதுல இருக்கு. சட்டியத் தேய்க்காதீய, எரிக்காதீய, எங்கிட்ட குடுத்துருங்க."

அதைச் சத்தமாகச் சொன்னார். கைப்பம்பில் இருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கைகளைக் காட்டச் சொல்லி, புண் இருக்கிறவர்களை ராயபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அன்றைக்கே தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். பிறகு பஃபிங் அண்ணனின் மனைவி கேட்டது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நாருல கீற இத்துனூண்டே வெசம்னா, நீ கால்வாய்ல வுட்ட தண்ணி இன்னா சார்? அந்தத் தண்ணி எங்க பம்புக்கு வராதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அக்கா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. "நீ படிச்ச பொண்ணாச்சே மேடம். தெனம் இந்த வழியாத்தான போற? உனுக்குத் தெரியாதா?"

"எனக்கும் இன்னிக்குத்தான்க்கா தெரியும்" என்றேன்.

முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் மானம் அந்தத் தெருவில் போயிருக்கும். அபாயம் என்று எழுதியது இவள்தான், முதல் நாளிலிருந்து இவளுக்குத் தெரியும், பூஞ்சைக் கதையே இவள் சொன்னதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் திரும்பிக்கொண்டு நாரை வாங்க ஆரம்பித்தார். நான் கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வரை எல்லா வீட்டிலிருந்தும் நார் வந்தது. கதவுக்குப் பின்னால் செருகியதும் வந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவரைப் பிடித்துக் கத்தினேன். என்ன மனுஷன் நீங்கள், இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா, ஒன்பது பேர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று. வேறு நாளாக இருந்தால் "அது எதுக்கு?" என்று ஏதாவது விதண்டாவாதம் பேசியிருப்பார். அன்றைக்கு முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "பாதியத்தான குடுத்தா, எம்மெஸ்ஸி" என்றார். "மீதிய வச்சி அந்தப் பிள்ளைக்குப் பால் காச்சுற சட்டியத் தேப்பாளே." நான் கோணியின் வாயைக் கட்ட உட்கார்ந்தேன்.

தெருவில் மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து பஃபிங் அண்ணனின் மனைவியுடையது, புருஷனுக்கு வேலை போகும் என்று தெரிந்தே போட்டது. அதிகாரி வந்தபோது பீப்பாய்த் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, ஊதா வரவில்லை. ஆனால் அவர் பீப்பாயோடு நிற்கவில்லை, கால்வாய் மண்ணையும் கைப்பம்புத் தண்ணீரையும் எடுத்துப் போனார். தீபாவளி முடிந்த வாரம் பட்டறைக்கு சீல் வைத்தார்கள். அந்தக் கைப்பம்பைக் கழற்றிவிட்டு லாரித் தண்ணீர் விட்டார்கள். பஃபிங் அண்ணன் வேறு பட்டறைக்குப் போனார், அங்கே நார்ப் பீப்பாய்கூடக் கிடையாது. நான் எண்ணூரில் ஒரு பெரிய கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். பட்டறையை மூடுவதற்கு முன்னால் முதலாளி எனக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்திருந்தார், அவரே உட்கார்ந்து எழுதியது. கடமையும் நேர்மையும் உள்ளவர் என்று அதில் இருந்தது. கேலிக்கு எழுதினாரா என்று நான் வெகு நாள் குழம்பியிருக்கிறேன். அவருக்கு அந்த மாதிரிக் கேலி வராது.

சில வருஷம் கழித்து ராயபுரத்தில் அவரைப் பார்த்தேன். சின்னதாக ஒரு குழாய்க் கடை வைத்திருந்தார். கண்ணாடி அலமாரியில் குரோம் குழாய்கள் மின்னின, யாரோ எங்கேயோ முலாம் போட்டவை. என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு டீ சொன்னார். "மீதிப் பாதி கெடச்சுதா எம்மெஸ்ஸி?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். எண்ணூர் கம்பெனி நூலகத்தில் இதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். நார், உமி, கரும்புச் சக்கை, கடலைத் தோல், எது எவ்வளவு பிடிக்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிடித்த பிறகு அதை என்ன செய்வது என்பதை நான் பார்த்தவரை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று. அதைச் சொன்னேன். "அந்த ஒரு வரிதான நமக்கு வேணும்?" என்றார் எரிச்சலோடு. அன்றைக்காவது அந்தத் தெருவில் நான் சொன்ன பொய்யைப் பற்றிப் பேசியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது கடையில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தார். அப்பா தவறிவிட்டார் என்றார்.

எண்ணூரில் நான் விருப்ப ஓய்வு வாங்குகிற வரை ஆயிரம் தாள்களில் கையெழுத்துப் போட்டிருப்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவேன், கேட்காததை எழுத மாட்டேன். நல்ல பெயர் வாங்கினேன். முதலாளியைப் போல ஒரு முரட்டு மனுஷனோடு குப்பை கொட்டினேனே என்று வீட்டில் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எறும்பு கதை, சாராயக் கதை எல்லாம் என் மகளுக்குத் தெரியும். கைப்பம்பு கதை தெரியாது.

நேற்று மகள் வந்திருந்தாள். பால் பொங்கி அடிபிடித்த பாத்திரம் ஒன்று தொட்டியில் கிடந்தது. பச்சை ஸ்கிரப்பர் கிழிந்துவிட்டது. ஜன்னல் திட்டிலிருந்த நாரை எடுத்து நனைத்தேன். நல்ல நார், பழுப்பு நிறம், அதில் ஒன்றும் இல்லை. இரண்டு தேய்ப்பில் கரி வந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற மகள் என் கையையே பார்த்தாள்.

"நார் அலர்ஜின்னியேம்மா?"

"பொய் சொன்னேன்" என்றேன். குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளை உட்காரச் சொன்னேன்.